மடித்து ஒட்டிய பச்சை வயர்

கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் இங்கேயே மூடி வைத்துவிடலாம். எனக்கு வருத்தம் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மணி, நிமிஷம் எல்லாம் சரியாக இருக்கும். ஒலிப்பதிவுக்காரனுக்குக் கடிகாரத்தைப் பார்ப்பதுதான் பிழைப்பு.

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, தானாக ஆடும் ஜன்னல் என்று ஆசையாக வந்திருந்தால் மன்னிக்கவும். எனக்கு நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல். வெளியே சுள்ளென்று வெயில். கீழே தையல் கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கடைக்கு மேலே, முதல் மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறைதான் என் ஸ்டுடியோ. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் பயந்தவன் நான். தப்பு செய்தவனும் நான்தான்.

பெட்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஒன்றும் புரியாது. இப்போது பாட்டெல்லாம் கம்ப்யூட்டருக்குள்தான் பதிவாகிறது. குரல் ஒரு தடம், டிரம்ஸ் ஒரு தடம், கிட்டார் ஒரு தடம் என்று முப்பது நாற்பது கிடக்கும். அத்தனையையும் கூட்டி ஒரே பாட்டாக்க வேண்டும். கம்ப்யூட்டரே கண் மூடித் திறப்பதற்குள் கூட்டிக் கொடுத்துவிடும். ஆனால் எங்களில் சில கிறுக்குகள் இருக்கிறோம். அந்தத் தடங்களைப் பதினாறு வயர் வழியாக வெளியே இழுத்து, ஓர் இரும்புப் பெட்டிக்குள் விட்டுக் கலந்து, மறுபடி கம்ப்யூட்டருக்கே அனுப்புவோம். பாட்டுக்கு ஒரு சதைப்பிடிப்பு வரும். கடையில் அதற்கு சம்மிங் மிக்ஸர் என்று பெயர். எங்கள் பேச்சில் வெறும் பெட்டி.

பெட்டிக்கு ஞாபகம் கிடையாது. எந்தக் குமிழ் எங்கே நின்றது என்று நாம்தான் போட்டோ எடுத்து வைக்க வேண்டும். அதனிடம் அவசரமும் செல்லாது. ஐந்து நிமிஷப் பாட்டு என்றால் ஐந்து நிமிஷமும் ஓடவிட்டு, கூடவே உட்கார்ந்துதான் பதிவு செய்ய வேண்டும். எனக்கு அது பிடிக்கும். அந்த ஐந்து நிமிஷம் யாரும் என்னைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

நான் வாங்கிய பெட்டியில் இன்னொரு தலைவலி இருந்தது. இரைச்சல். ம்ம்ம்ம்ம்... என்று அடியில் ஒரு முனகல், பாட்டு முழுக்க. கம்ப்யூட்டருக்கும் எர்த், பெட்டிக்கும் எர்த், இரண்டும் வயரால் இணைந்திருக்கும்போது சில சமயம் இப்படி ஆகும். அதைச் சரிசெய்ய ஒழுங்கான வழி இருக்கிறது. அரை நாள் வேலை. எனக்கு அன்று பொறுமை இல்லை. மறுநாள் காலையில் ஒரு பாட்டைக் கொடுத்தாக வேண்டும். பெட்டியின் பவர் கேபிளை எடுத்தேன். பிளக்கின் திருகைக் கழற்றினேன். எர்த் முனையிலிருந்து பச்சை வயரை உருவி, பின்னால் மடித்து, நீல டேப்பால் இரண்டு சுற்று சுற்றினேன். பிளக்கை மூடினேன். இரைச்சல் போயே போய்விட்டது.

தொழிலில் இருப்பவர்கள் இதைப் படித்ததும் காறித் துப்புவார்கள். துப்பட்டும். எர்த் என்பது உயிர்காக்கும் வயர். உள்ளே ஏதாவது பழுதாகி இரும்பில் மின்சாரம் ஏறினால், அதைப் பூமிக்குக் கொண்டுபோவது அதுதான். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் செய்தேன். நாளைக்குச் சரிபண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நாளைக்கு வரவே இல்லை.

ஒண்ணரைக்குத்தான் அந்தப் பெட்டியைக் கொடுத்தேன். ஒண்ணரை என் நண்பன். என்னைப் போலவே ஒலிப்பதிவுக்காரன். அவனுக்கு வலது காது கொஞ்சம் மந்தம். அதனால் ஒண்ணரைக்காது என்று கிண்டல் செய்து, அதுவே சுருங்கி ஒண்ணரை ஆகிவிட்டது. கூப்பிட்டால் கோபப்பட மாட்டான். "அரைக் காதுலயே உன்னைவிட நல்லா கேக்கும்டா" என்பான். அவன் சொன்னது உண்மை. ஆனால் அவன் கலக்கும் பாட்டில் எல்லாம் குரல் ஒரு மயிரிழை வலது பக்கம் சாய்ந்திருக்கும். அந்தக் காதுக்கு நடு என்பது அங்கேதான் இருந்தது.

என் பெட்டி மேல் அவனுக்கு ஒரு கண். அவனுடைய ஸ்பீக்கர் ஜோடி மேல் எனக்கு ஒரு கண். மாற்றிக்கொண்டோம். அவனே வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். கேபிளைத் தோளில் மாலையாகப் போட்டிருந்தான். பாதிப் படியில் நின்று கேட்டான்.

"இரைச்சல் கிரைச்சல் ஏதும் உண்டா?"

"துடைச்சு வெச்ச மாதிரி இருக்கும்" என்றேன்.

அந்த நொடியில் எனக்குப் பச்சை வயர் ஞாபகம் வந்தது. சத்தியமாக வந்தது. வாயைத் திறந்தேன். இதே தப்பைச் செய்த ஒருவனை ஒண்ணரை நாலு பேர் முன்னால் கிழிகிழியென்று கிழித்ததும் கூடவே ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. அப்புறம் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். ஒன்பது மாதம் போனது. இருநூறு தடவையாவது பேசியிருப்போம். சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் 1.50. அவன் மனைவி போன் செய்தாள். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அன்று அண்ணா என்பதைத் தவிர வேறு வார்த்தையே வரவில்லை.

போனபோது மணி 2.15. வீட்டின் பின்னறைதான் அவன் ஸ்டுடியோ. அவர்களுடைய பத்தாவது கல்யாண நாளுக்காக அவன் போட்ட மெட்டு. அவள் பாடியது. அதைத்தான் பெட்டி வழியாகப் பதிவுசெய்துகொண்டிருந்திருக்கிறான். ஒரு கை பெட்டி மேல். இன்னொரு கை ஜன்னல் கம்பியில். உள்ளே ஏதோ பழுதாகி இரும்பு முழுக்க மின்சாரம் ஏறியிருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "உசுரு உடனே போயிருக்கும்மா, வலியே தெரிஞ்சிருக்காது" என்று அவளிடம் சொன்னார்.

எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். மெயினை அணைத்திருந்தார்கள். நான் மட்டும் பின்னறைக்குப் போனேன். சுவரில் ஓர் ஆணியில் உபரி கேபிள்கள் தொங்கின. பெட்டியின் பின்னாலிருந்து என் கேபிளை உருவினேன். ஆணியிலிருந்து ஒன்றை எடுத்துச் சொருகினேன். என் கேபிளைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். இருபது வினாடி கூட ஆகியிருக்காது. போகிற வழியில் குப்பை மேட்டில் வீசிவிட்டுப் போனேன்.

அதோடு முடிந்திருந்தால் என் பாவம் என்னோடு போயிருக்கும். முடியவில்லை. ஒரு ரிப்பேர்காரர் பெட்டியைத் தன் கடைக்கு எடுத்துப் போய்ச் சோதித்தார். நான் மாற்றிச் சொருகிய கேபிளோடு. சொருகிய உடனே கடையில் மின்சாரம் வெட்டிக்கொண்டது. எல்லார் முன்னாலும் சொன்னார்.

"பெட்டில கோளாறுதான். ஆனா எர்த் இருக்கிற இடத்துல இப்படித்தான் உடனே கட் ஆகணும். அன்னைக்கு ஆகலைன்னா, வீட்டு எர்த்துதான் சரியில்லை."

அந்த வீட்டுக்கு வயரிங் செய்தது அவள் தம்பி. எலக்ட்ரீஷியன். அக்கா வீடு என்று பார்த்துப் பார்த்துச் செய்தவன். அவன் என் முகத்தைப் பார்த்தான். "அப்படியாண்ணா?" என்றான். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் இன்றும் மென்று விழுங்க முடியவில்லை.

அன்று சாயங்காலமே அவன் கடப்பாரையை எடுத்து எர்த் குழியைத் தோண்டினான். மறுநாளும் தோண்டினான். "ஒரு நட்டு லேசா லூசா இருந்துச்சுண்ணா. நான்தான்ணா கொன்னுட்டேன்" என்று மண் ஒட்டிய கையை என்னிடம் நீட்டினான். அக்கா அவனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அவன் டூல்ஸ் பையைத் தூக்கிப் பரண் மேல் போட்டுவிட்டு, ஒரு கோடவுனில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போய்விட்டான். ஒரு பல்ப் மாட்டக்கூட யார் வீட்டுக்கும் போவதில்லை என்று கேள்விப்பட்டேன். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்காவும் தம்பியும் சேர்ந்துவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தை என் தொண்டையில் மூன்று மாதம் கிடந்தது.

மூன்றாவது மாதம் அவளே என் ஸ்டுடியோவுக்கு வந்தாள். பழுது பார்த்த பெட்டியையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கையும் மேஜையில் வைத்தாள்.

"அன்னைக்குப் பதிவானதுல வெறும் இரைச்சல்தான் இருக்குண்ணா. அவரு முடிக்காம போயிட்டாரு. நீங்க முடிச்சுக் கொடுங்க. இதே பெட்டிலதான் பண்ணணும்னு ஆசைப்பட்டாரு."

"தம்பி எப்படிம்மா இருக்கான்?" என்றேன்.

"அவனைப் பத்திப் பேசாதீங்கண்ணா."

சொல்லியிருக்கலாம். அப்போதே சொல்லியிருக்கலாம். "செவ்வாய்க்கிழமை முடிச்சிடறேம்மா" என்று மட்டும்தான் சொன்னேன்.

செவ்வாய் காலை கடைக்குப் போய்ப் புது பவர் கேபிள் வாங்கினேன். கம்பெனியே ரப்பரில் வார்த்து மூடிய பிளக். திருகே கிடையாது. நான் நினைத்தாலும் திறக்க முடியாது என்பது எனக்கு ஒரு நிம்மதி.

பிற்பகல் 3.05. எல்லாவற்றையும் இணைத்தேன். போனை வழக்கம்போல அணைத்து வெளியே செருப்பு அலமாரியில் வைத்தேன். ஸ்பீக்கரில் டிக் டிக்கென்று அது ஒரு தொல்லை. கதவைச் சாத்தினேன். பெட்டியின் பச்சை விளக்கு எரிந்தது. சத்தம் சுத்தம்.

3.20. பாட்டை ஓடவிட்டேன். பாவம், அவள் பாடகி கிடையாது. மூச்சு வாங்கிக்கொண்டு, இரண்டு இடத்தில் சிரித்துக்கொண்டு பாடியிருந்தாள். அந்தச் சிரிப்பை அவன் வெட்டாமல் வைத்திருந்தான். குரலின் குமிழை நடுவில் நிறுத்தினேன். குமிழ்களையெல்லாம் அதற்கென்று வைத்திருக்கும் பழைய கேமராவில் போட்டோ எடுத்தேன்.

3.35. இன்னொரு முறை ஓடவிட்டேன். என்னவோ சரியில்லை. குரல் லேசாக... வலது பக்கம் போயிருந்தது. குமிழைப் பார்த்தேன். நடுவிலிருந்து ஒரு கோடு வலது பக்கம் தள்ளி நின்றது.

கை பட்டிருக்கும் என்று நினைத்தேன். மறுபடி நடுவில் வைத்தேன். தண்ணீர் குடித்தேன். திரும்பிப் பார்த்தேன்.

ஒரு கோடு வலது பக்கம்.

கேமராவைத் திறந்து போட்டோவைப் பார்த்தேன். போட்டோவில் குமிழ் நடுவில்தான் இருந்தது. வாய்விட்டே திட்டினேன். "பழைய பெட்டி, குமிழ் லூசு, வேற ஒண்ணுமில்லை" என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். தனியாக இருக்கும்போது அப்படிச் சத்தமாகப் பேசுகிறவன் ஏற்கெனவே பயந்துவிட்டான் என்று அர்த்தம்.

3.48. அது ஆரம்பித்தது.

ம்ம்ம்ம்ம்ம்...

மிக மெதுவாக. முதலில் தையல் மெஷின் என்று நினைத்தேன். கதவைத் திறந்து கேட்டேன். கீழே மெஷின் நின்றிருந்தது. முனகல் ஸ்பீக்கரிலிருந்துதான் வந்தது. பாட்டு எதுவும் ஓடவில்லை. பதினாறு குமிழையும் ஒவ்வொன்றாகக் குறைத்தேன். குறையவில்லை. பெட்டி மேல் கை வைத்தேன்.

நின்றுவிட்டது.

கையை எடுத்தேன். ம்ம்ம்ம்ம்...

வைத்தேன். நிசப்தம்.

இது அந்தப் பழைய இரைச்சல் இல்லை. தொட்டால் நிற்கும், விட்டால் வரும் இரைச்சலுக்கு ஒரே அர்த்தம்தான். எர்த் இல்லை.

3.55. கேபிளை உருவி மல்டிமீட்டரை எடுத்தேன். எர்த் முனை இரண்டையும் தொட்டேன். ஒழுங்கான கேபிள் என்றால் பீப் அடிக்கும். அடிக்கவில்லை. மீட்டரின் இரண்டு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொட்டேன். பீப். மீட்டர் நன்றாக இருந்தது.

மானிட்டரின் கேபிளை எடுத்துச் சோதித்தேன். பீப் இல்லை. அலமாரியில் மூன்று வருஷமாகக் கிடந்த இன்னொன்றை எடுத்தேன். பீப் இல்லை. நேற்று வரை எல்லாம் நன்றாக இருந்தவை.

4.04. கட்டரை எடுத்தேன். காலையில் வாங்கிய புதுக் கேபிள். ரப்பரில் வார்த்த பிளக். அதை நீளவாக்கில் வெட்டினேன். இரண்டு முறை விரலில் பட்டது. மூன்றாவது முறை ரப்பர் பிளந்தது.

உள்ளே பச்சை வயர் மடித்து வைத்திருந்தது.

இரண்டு சுற்று. நீல டேப்.

டேப்பின் ஓரத்தைப் பல்லால் கடித்துத்தான் கிழிப்பேன். கத்தரிக்கோல் தேட எனக்கு எப்போதும் சோம்பல். அந்தப் பல் தடம்கூட இருந்தது...

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "டேய், என்னை மன்னிச்சிடுடா" என்றேன். யாரிடம் சொன்னேன் என்று அப்போதே தெரியும்.

4.11. ம்ம்ம்ம்ம்...

கையைப் பார்த்தேன். வெட்டின கேபிள் என் மடியில் கிடந்தது. பெட்டியின் பின்னால் பவர் கேபிளே இல்லை.

பெட்டியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பச்சையாக... நிதானமாக...

4.12. மானிட்டரும் இருட்டாகத்தான் இருந்தது, கேபிளை நான்தானே உருவியிருந்தேன். ஆனால் பாட்டு ஆரம்பித்தது.

அவள் குரல். வலது பக்கம்.

முனகல் ஏறியது. அவள் குரலை விழுங்கியது. இன்னும் ஏறியது. மேஜை அதிர்ந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் அவள் மூச்சுத் திணறுவதாகவே எனக்குப் பட்டது. ஓடியிருக்கலாம். கதவு நாலடி தள்ளித்தான் இருந்தது.

நான் எழுந்து பெட்டி மேல் கை வைத்தேன்.

இரைச்சல் நின்றது. பாட்டு தெளிந்தது.

கையை எடுக்கப் பார்த்தேன்.

வரவில்லை.

விரல் ஒவ்வொன்றும் இரும்போடு ஒட்டியிருந்தது. மணிக்கட்டில் ஒரு சுருக். அப்புறம் முழங்கையில். அப்புறம் தோளில். வலி என்று சொல்ல முடியாது. யாரோ உள்ளே எறும்பாக ஏறிக்கொண்டிருந்தார்கள்.

கத்தப் பார்த்தேன்.

தாடை பூட்டிக்கொண்டது.

என் கை மேல் எதுவும் இல்லை. கண்ணால் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஆனால் கனம் இருந்தது.

முதல் சிரிப்பு வந்தது.

சுவர்க் கடிகாரம் 4.14.

எறும்பு கழுத்துக்கு வந்தது.

இரண்டாவது சிரிப்பு...

4.16.

செத்துவிடுவேன் என்று நினைத்தேன். அதைவிடச் சொல்லாமல் செத்துவிடுவேனே என்றுதான் துடித்தேன்.

கடைசி வரி.

கடைசிச் சொல்.

விட்டது.

விளக்கு அணைந்தது. நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் விழுந்தேன். எழுந்து கதவைத் திறந்து, அலமாரியிலிருந்த போனை மட்டும் அள்ளிக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினேன். தையல்காரர் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"உண்மைதான்" என்றேன். அவர் சிரித்தார்.

அன்று ராத்திரி தூங்கவில்லை. வலது கை விறைத்தபடியே இருந்தது. போனை எடுத்து நாலு முறை தம்பியின் எண்ணைத் தேடினேன், நாலு முறையும் அழுத்தாமல் வைத்தேன். இதைப் போனில் சொல்லக் கூடாது, நேரில் போய்க் காலில் விழுந்து சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்தேன். விடிந்ததும் பெட்டியைத் தொடாமல், ஸ்டுடியோ பக்கமே போகாமல், நேராக அந்தக் கோடவுனுக்குப் போனேன்.

புதன்கிழமை, காலை 10.10. தம்பி அட்டைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நிறுத்தினான். சூப்பர்வைசரிடம் அஞ்சு நிமிஷம் கேட்டுவிட்டு வெளியே வந்தான். நான் வழி நெடுக ஒத்திகை பார்த்த வார்த்தைகளை ஆரம்பித்தேன்.

"தம்பி, உன் வயரிங்ல ஒரு தப்பும் இல்லை. தப்பு பண்ணினது..."

"தெரியும்ணா. அதான் நேத்தே சொல்லிட்டீங்களே."

எனக்குப் புரியவில்லை. "நேத்தா?" என்றேன்.

"நேத்து போன் பண்ணீங்களே. அதையே நேர்ல வேற சொல்லணுமா?"

அவன் போனை எடுத்துக் காட்டினான். என் பெயர். என் எண். நேற்று, 4.12. நாலு நிமிஷம் முப்பத்தாறு வினாடி.

என் போனை எடுத்துப் பார்த்தேன். அதில் நேற்று பிற்பகல் யாருக்கும் ஒரு அழைப்பும் இல்லை. இருக்கவும் முடியாது. அது அணைந்து, செருப்பு அலமாரியில் கிடந்தது.

"நான்... என்ன சொன்னேன்?"

தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்தான். "எல்லாம்தான். பிளக்கைத் திறந்தது. பச்சை வயரை மடிச்சு நீல டேப் ஒட்டினது. படியில அத்தான் கேட்டும் சொல்லாம விட்டது. அன்னைக்கு நாங்க எல்லாம் கூடத்துல அழுதுக்கிட்டு இருக்கும்போது நீங்க உள்ள போய் கேபிளை மாத்துனது. எல்லாத்தையும் அழுதுக்கிட்டே சொன்னீங்க. உங்க குரல்தான். பின்னாடி மட்டும் ம்ம்ம்னு ஒரே இரைச்சல். அதுக்குள்ள அக்கா பாடுற மாதிரி இருந்துச்சு."

இதில் ஒன்றைக்கூட நான் இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. தனியாக இருக்கும்போதுகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

சுவரில் சாய்ந்துகொண்டேன். அவன் பேசிக்கொண்டே போனான்.

"நேத்தே அக்கா வீட்டுக்குப் போயிட்டேன். மூணு மாசம் கழிச்சு அவ கையால சாப்பிட்டேன். ரெண்டு பேரும் அழுதோம். உங்க மேல போலீஸ்ல சொல்லணுமா வேணாமான்னு அக்கா இன்னும் முடிவு பண்ணலை. என்னைக் கேட்டா, உங்களை மன்னிக்கிற அளவுக்கு எனக்கு மனசு பெருசு இல்லைண்ணா. உள்ளதைச் சொல்றேன்."

"நீ மன்னிக்க வேணாம் தம்பி" என்றேன். கண்ணீர் தானாக வந்தது. ஆனாலும் உள்ளுக்குள்ளே ஒரு வெறுமை. மூன்று மாதம் நான் சுமந்த ஒரே வார்த்தை. அதைச் சொல்லும் வாய்ப்பைக்கூட யாரோ என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் நல்லவனாகும் அந்த ஒரு நிமிஷம்கூட எனக்குக் கிடைக்கவில்லை. கிடைக்கக் கூடாது என்றுதான் ஒண்ணரை நினைத்திருப்பான்.

உள்ளேயிருந்து சூப்பர்வைசர் குரல் கொடுத்தார். தம்பி போகத் திரும்பினான். இரண்டு அடி வைத்துவிட்டு நின்றான்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்ணா. டாக்டர் என்ன சொன்னாரு, உடனே உசுரு போயிடுச்சு, வலியே தெரிஞ்சிருக்காதுன்னுதானே சொன்னாரு?"

"ஆமாம்."

"நீங்க கடைசியில வேற மாதிரி சொன்னீங்க. உடனே போகலை. கை ஒட்டிக்கிச்சு, தாடை பூட்டிக்கிச்சு, கத்த முடியலை. அந்தப் பாட்டு முடியற வரைக்கும் உசுரு இருந்துச்சுன்னு சொன்னீங்க. கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா பாத்திரம் கழுவுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சுன்னு சொன்னீங்க. இப்ப குழாயை மூடுவா, இப்ப உள்ள வருவான்னு ஒவ்வொரு வரிக்கும் பார்த்துக்கிட்டு இருந்ததா சொன்னீங்க."

விறைத்த வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டேன்.

"நேத்து சாப்பிட்டதும் அக்காகிட்ட சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன், அன்னைக்கு அந்த நேரத்துல நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்னு. பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தாளாம். அவளாத்தான் சொன்னா. மேல நான் வாயைத் திறக்கலை. சாகற வரைக்கும் திறக்க மாட்டேன்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நீங்க அங்க இல்லையேண்ணா. பாத்திரச் சத்தம் கேட்டது உங்களுக்கு எப்படித் தெரியும்?"